மொய் எழுதிய பிழைகள்

"கண்ணைத் தொறக்கக் கூடாது மேடம், தொறந்தா மருந்தெல்லாம் வெளியில வந்துடும், அப்புறம் டாக்டர் என்னத்தான் திட்டுவாங்க" என்று ஒரு துண்டுப் பஞ்சைக் கையில் திணித்துவிட்டு சிஸ்டர் போய்விட்டாள். ஜெசிந்தா மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள் மருந்து எரிந்தது, தொண்டைக்குள் கசப்பு இறங்கியது, கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வருகிறது என்று ஒரு கணம் யோசித்தாள், இதற்கும் ஒரு வழி இருக்கிறது, மேலே விட்டால் கீழே ஒழுகும் வழி, யார் வைத்தார்களோ. மணி நாலு பத்து. நாற்பது நிமிஷம் இப்படியே உட்கார வேண்டும், நடுவில் இன்னொரு முறை சொட்டு. ஐந்து மணிக்குள் போனில் வந்திருக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கிட்டத்து எழுத்து ராத்திரி வரைக்கும் தெரியாது என்பதை சிஸ்டர் இரண்டு கண்ணிலும் விட்டு முடித்த பிறகுதான் சொன்னாள். முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பாள்? ஆனால் அவளைச் சொல்லி என்ன பண்ணுவது, நேற்று முன்தினத்திலிருந்து அந்தக் கடிதம் கையில்தான் இருக்கிறது, போடுவதானால் நேற்றே போட்டிருக்கலாம், இன்று காலையில் பஸ்ஸில் போட்டிருக்கலாம். போடாமல் இழுத்தடித்துவிட்டு, இன்றோடு கம்பெனி இன்சூரன்ஸ் முடிகிறதே, வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கண் பார்க்கலாமே, அதை மட்டும் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அல்பமாக ஓடி வந்து இங்கே உட்கார்ந்தாயிற்று. பதினொரு வருஷம் திரையை வெறித்த கண். அதற்குக் கடைசியாக அவர்கள் செலவில் இரண்டு சொட்டாவது விழட்டும்.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது. என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன். அந்த வரி ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது, அதன்மேல் ஒரு சாம்பல் மூடி, தொட்டால் அசையாது, மாற்ற முடியாது. கீழே ஒரு கட்டம், அதில் விரலால் கையெழுத்து. போட்டால் இரண்டு மாதச் சம்பளமும் நல்லவிதமாக ஒரு அனுபவச் சான்றிதழும். போடாவிட்டால் கம்பெனி தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று எச்.ஆர். பிரவீணா சொன்னாள், அதைச் சொல்லும்போது அவள் குரலில் அவ்வளவு கருணை. சொந்த விருப்பம். ஜெசிந்தாவின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? நேற்று முன்தினம் காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டு, ஒன்பது நிமிஷத்தில் பேசி முடித்து, அவள் "ஏன்?" என்று கேட்டதும் பிரவீணா வேறொரு திரையைப் பார்த்துப் படித்தாள்: போன வருஷம் முழுக்க உங்கள் பெயரில் பதிவான பிழைகள், பூஜ்யம். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பு. சிரித்திருக்கக் கூடாது. அழுதிருந்தால்கூட ஒரு மாதம் கூட்டிக் கொடுத்திருப்பாளோ என்னவோ. சிரித்ததும் பிரவீணாவின் முகம் மூடிக்கொண்டது, தரவில் தவறிருந்தால் ஆதாரத்தோடு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எழுதுங்கள், பரிசீலிப்போம் என்றாள், அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. மொத்தம் அறுபத்திரண்டு பேரை அனுப்புகிறார்களாம். எல்லோருக்கும் ஒன்பது ஒன்பது நிமிஷமா, இல்லை சிரித்ததால் தனக்கு மட்டும் ஒன்று குறைந்ததா?

பூஜ்யம். உலகத்தில் எங்கோ ஒரு ஊரில் யாரோ வீடியோ கேம் செய்கிறார்கள், அதை வெளியே விடுவதற்கு முன்னால் பெருங்குடியில் ஆறாவது மாடியில் உட்கார்ந்து இவர்கள் விளையாடிப் பார்க்கிறார்கள். ஆட்டத்தில் எங்கே கோளாறு, எந்தக் கதவு திறக்கவில்லை, எந்தச் சுவரில் முட்டினால் ஆள் சுவருக்குள்ளேயே போய்விடுகிறான், எல்லாவற்றையும் கண்டுபிடித்துப் பதிய வேண்டும். ஆபீஸில் அதற்கு பக் என்று பெயர். மாதத்துக்கு ஆளுக்கு நாற்பது பக். முப்பத்தொன்பது என்றால் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு, மூன்று சிவப்பு விழுந்தால் ஆள் காலி. அதனால்தான் மொய் வந்தது. யார் ஆரம்பித்தார்களோ, ஜெசிந்தா சேர்வதற்கு முன்பே இருந்த வழக்கம்: கணக்கு நிறைந்தவன் தான் கண்டுபிடித்த பிழையைக் கணக்கு குறைந்தவன் பெயரில் பதிந்துவிடுவான். இந்த மாசம் பாஸ்கருக்கு மூணு மொய் வச்சேன், அடுத்த மாசம் அவன் எனக்கு வைப்பான். வைத்தது திரும்பி வர வேண்டும், எல்லோர் மனதிலும் ஒரு நோட்டு இருந்தது. டீம் லீடர் ஆன பிறகு ஜெசிந்தாவுக்கு நாற்பது என்கிற பேச்சே இல்லை, லீடருக்கு எண்ணிக்கை கிடையாது என்று அப்போதைய மேலாளரே சொன்னார். ஆனால் கை சும்மா இருக்கிறதா? ஆட்டத்தைத் திறந்தால் அவள் கண்ணுக்கு ஓட்டைதான் முதலில் தெரியும். கண்டுபிடித்ததை எல்லாம் மொய்யாக எழுதினாள். விசேஷம் வைக்காத வீட்டுக்காரி, எழுதிக்கொண்டே இருந்தாள், யாரும் அவளுக்குத் திருப்பி வைக்கவில்லை, வைக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த மேலாளர் போனார், புது ஆள் வந்தான், வந்தவன் லீடருக்கும் சேர்த்து எண்ணச் சொல்லிவிட்டான், போன ஜனவரியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் சொல்லாமல். சொல்லியிருந்தால் மாதம் நாற்பது என்ன, நானூறு போட்டுக் காட்டியிருப்பாள். வயிறு எரிந்தது. கண்ணைவிட அதிகமாக எரிந்தது.

அதில் மாரிச்செல்விக்குத்தான் நிறைய. கோவில்பட்டிப் பெண், இருபத்தேழு வயது, அண்ணன் வாங்கிய கடனுக்கு இவள் கையெழுத்துப் போட்டுவிட்டு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறாள். நிதானமான கை. ஒரு பிழையைப் பிடித்தால் அதன் வேர் வரைக்கும் போவாள், போய்த் திரும்புவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரன் பத்துப் பிழை போட்டிருப்பான். முதல் இரண்டு மாதம் சிவப்பு. மூன்றாவது மாதம் இருபத்தெட்டாம் தேதி மாலை அவள் கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டே இருந்ததை ஜெசிந்தா பார்த்தாள், கழுவிக் கழுவி முகம் தேயப்போகிறது என்று நினைத்தாள், நேராக வந்து அவள் பெயரில் பதினொன்று எழுதினாள். அன்றைக்கு ஆரம்பித்தது. அந்தப் படகுப் பிழைகூட அவளுக்குத்தான் போயிற்று. நினைக்கக் கூடாது, படகை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வரும். அடிக்கடி மழை பிடித்துக்கொள்கிற ஒரு ஊர், ஆட்டத்தில், அதில் ஆற்றைக் கடக்க ஒரு படகு. ஆயிரம் பேர் ஆயிரம் தடவை கடந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஜெசிந்தாவுக்கு மட்டும் அந்த இடது படியில் ஏதோ நெருடியது. இரண்டு முழுநாள் அந்தப் படியிலேயே நின்றாள். ஏறுவது, இறங்குவது, குதிப்பது, குடையை விரிப்பது, மடக்குவது, கை மரத்துப்போனது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஆட்டத்து மழையில் குடையை விரித்தபடி, படகு மணி இரண்டாவது தரம் அடிக்கிற அந்தக் கணத்தில் உட்காரும் பொத்தானை அமுக்கினாள், ஆள் படகைத் தாண்டி, தண்ணீரைத் தாண்டி, கீழே ஒன்றுமே இல்லாத ஒரு சாம்பல் நிறத்தில் விழ ஆரம்பித்தான். விரித்த குடையோடு விழுந்துகொண்டே இருந்தான். என்ன சந்தோஷம் அது! பதினொரு வருஷத்தில் அந்த மாதிரி மூன்றோ நாலோதான். வீட்டுக்கு வந்து லாரன்ஸிடம் சொன்னாள், அவள் கணவன் சாப்பிட்டுக்கொண்டே, "கீழ விழுந்தா நல்லதா ஜெசி?" என்றான். அதை மாரி பெயரில் எழுதினாள். அவள் எழுதுவதுபோல இருக்கட்டும் என்று சுருக்கி எழுதினாள், மழையும் மணியும் அதில் விடுபட்டுப் போயின.

"கொஞ்சம் நிமிருங்க மேடம்" என்று சிஸ்டர் தாடையைத் தூக்கினாள், குளிர்ந்த விரல், அடுத்த சொட்டு விழுந்தது. "ஐயோ, திறந்து திறந்து பாத்தீங்களா? இப்பிடிச் செவந்திருக்கு."

"இல்ல சிஸ்டர். மணி என்ன ஆச்சு?"

"நாலு இருபத்தஞ்சு. என்ன அவசரம், மூடிட்டு நிம்மதியா உக்காருங்க."

நிம்மதியாக. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது, ஒரு மெயில் எழுத முப்பத்தைந்து நிமிஷம் ஏராளம், கண் தெரியாவிட்டால் என்ன, போனிடம் வாயால் சொன்னால் அது எழுதிக்கொள்ளும். என்ன சொல்ல வேண்டும்? அன்புள்ள பிரவீணா. அன்பு எதற்கு? பிரவீணாவுக்கு. மாரிச்செல்வி பெயரில் போன வருஷம் பதிவான ஐந்நூற்றுப் பதினொரு பிழைகளில் இருநூற்று எழுபதை, இருநூற்று எண்பதை, கண்டுபிடித்தது நான். ஆதாரம்? எந்த மெஷினில் இருந்து போயிற்று என்று பார்க்கச் சொல்லலாம், பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் மாரி போவாள், அவள் இடத்தில் இவள். அவ்வளவு சுலபமாகவா? பொய்ப் பதிவு போட்டது யார் என்று கேட்பார்கள், நீதானே, அப்படியானால் நீயும் போ என்பார்கள், இரண்டு மாதச் சம்பளமும் போகும், சான்றிதழும் போகும். இல்லை, அப்படிச் செய்ய மாட்டார்கள், நல்ல டெஸ்டர் வேண்டும்தானே அவர்களுக்கு. வேண்டுமென்றால் எதற்கு அறுபத்திரண்டு பேரை அனுப்பினார்கள்? மறுபடி அங்கேயே வந்து முட்டியது. ஆட்டத்தில் ஆளை விட்டுச் சுவரில் முட்ட விடுவாளே, முட்டி, ஓரடி தள்ளி மறுபடி முட்டி, சுவர் முழுக்க அங்குலம் அங்குலமாக, அதேபோல. லாரன்ஸிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வான் என்று தெரியும், "விடு ஜெசி, வர்றதை வாங்கிப் போட்டுட்டு வெளிய வா" என்பான், கூரியர் ஆபீஸில் அவனை இரண்டு தரம் அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு தரமும் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான், அவனுக்கு அது மழைக்கு ஒதுங்குகிற மாதிரி. பெரம்பூர் வீட்டு வாடகை, மகள் ஸ்கூல் வேன், முப்பத்தெட்டு வயதில் எந்த கேம் ஸ்டூடியோ எடுக்கும், எல்லா ஸ்டூடியோவும் இப்போது அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறது, பூஜ்யம் என்று போட்ட ஒருத்தியை. பயம் வந்தது, பயத்தின் பின்னாலேயே கோபம் வந்தது, கோபம் வந்தால் பயம் கொஞ்சம் அடங்குகிறது என்பதால் அதையே பிடித்துக்கொண்டாள். மாரி ஒரு போன் பண்ணினாளா? இரண்டு நாளாயிற்று. ஒரு வார்த்தை? ஐந்நூற்றுப் பதினொன்று என்று பெயருக்கு எதிரே மின்னும்போது நம்மை எதற்கு நினைக்கப்போகிறாள்.

போன் மடியில் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தாள், பெயர் ஒரு வெள்ளைக் கசங்கலாகத் தெரிந்தது, லாரன்ஸாக இருக்கும் என்று எடுத்தாள்.

"அக்கா." மாரிச்செல்விதான். "ரெண்டு நாளா ஒங்களுக்குப் போன் பண்ணணும்னு எடுத்து எடுத்து வச்சுட்டேன்க்கா. என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசன்னு..."

"என்ன வேணும், சொல்லு."

"கேக்க நாக்கு கூசுதுக்கா. அந்தப் படகு பக்கு இருக்குல்ல. அஞ்சரைக்கு க்ளையன்ட் முன்னாடி செஞ்சு காட்டச் சொல்லுதாங்க. காலைலருந்து நூறு தடவைக்கு மேல பண்ணிட்டேன். ஒரு தடவகூட ஆளு விழமாட்டேங்கான். விழலன்னா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு எழுதி மூடிருவோம்ங்காங்க. எம்பேருல பாதி பக்கு இப்படித்தான் இருக்குமோன்னு வேற அந்தப் புது மேலாளர் கேட்டுட்டுப் போறாரு."

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். இதோ ஆதாரம். தானாக மடியில் வந்து விழுந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, ஞாபகம் இல்லையே மாரி என்றால் போதும், ஐந்தரைக்கு அவள் எல்லோர் முன்னாலும் திணறுவாள், அதற்கு முன்னாலேயே பிரவீணாவின் பெட்டியில் இவள் மெயில் இருக்கும், அந்தப் படகை என்னால் செய்து காட்ட முடியும் என்று. இதைவிட என்ன வேண்டும்? வாய் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடிவிடுவார்களாம். நடக்கவே இல்லையாம். இரண்டு நாள் ஒரே படியில் நின்று, கை மரத்து, கண்டுபிடித்தது நடக்கவே இல்லையாம்! ஆட்டம் வெளியே போகும், எங்கேயோ எவனோ மழையில் குடையை விரித்துப் படகில் உட்காருவான், அந்தச் சாம்பலில் விழுவான், ஏன் விழுந்தோம் என்று அவனுக்கும் தெரியாது, செய்தவனுக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள், அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மாரிமேல் இரக்கம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அப்படி ஒன்றும் வரவில்லை. தன் பிழையை மூடிவிடுவார்கள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"மழையை ஆரம்பிச்சியா முதல்ல?" என்றாள்.

"மழையாக்கா?"

"மழை இல்லாம எப்படிடி விழுவான்? மழை பிடிச்சதும் குடையை விரி. இடது படி. மணி ரெண்டு தரம் அடிக்கும், முதல் மணிக்கு ஒண்ணும் பண்ணாத, ரெண்டாவது மணி அடிக்கும்போதே உக்கார அமுக்கு. அடிச்ச பிறகு இல்ல, அடிக்கும்போது. காதை வெச்சு அமுக்கணும், கண்ணை வெச்சு அமுக்கினா லேட் ஆயிடும்."

எதிர்முனையில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "அக்கா, நான் சொல்லிரட்டுமா? இது ஒங்க பக்குன்னு. இது மட்டுமில்ல, எல்லாத்தையும்."

"சொல்லி? ரெண்டு பேரும் வெளியில நின்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கவா? வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

"அக்கா..."

"போய் ஆள விழவை, போ."

வைத்துவிட்டாள். வைத்ததும் அப்படி ஒரு எரிச்சல் வந்தது, போனை விட்டெறியலாம்போல, மாரிமேலா, தன்மேலா, பஞ்சைக் கசக்கினாள், அது ஏற்கெனவே ஈரம். கடைசி மொய்யும் எழுதியாயிற்று, இதற்கும் ஒரு பைசா திரும்பி வராது. மெயில் எழுதுகிற வழியும் போயிற்று. இனி என்ன ஆதாரத்தை வைத்துக்கொண்டு எழுதுவது? எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர் இருமினார், டிவியில் யாரோ வத்தக்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார்கள், மணி நாலு ஐம்பது என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். பத்து நிமிஷம். சரி, போட்டுத் தொலைப்போம். இரண்டு மாதம் என்பது இரண்டு மாதம்.

கடிதத்தைத் திறந்தாள். பஞ்சுப் பொதியாகத் தெரிந்தது. கையை நீட்டிப் பார்த்தாள், கிட்டே கொண்டுவந்து பார்த்தாள், எங்கே கையெழுத்துக் கட்டம், எங்கே வேண்டாம் என்கிற பொத்தான், ஒன்றும் பிடிபடவில்லை. தடவித் தடவி போனின் அமைப்புக்குள் போய் எழுத்தைப் பெரிசாக்கினாள். இன்னும் பெரிசு. கடைசி வரைக்கும் தள்ளினாள். திரும்பி வந்தபோது கடிதம் வீங்கிப்போய்க் கிடந்தது, ஒரு வரிக்கு இரண்டு சொல், கை நீளத்தில் வைத்தால் ஒருமாதிரி படிக்க முடிந்தது. என் சொந்த. விருப்பத்தின் பேரில். அந்த வரியைத் திட்டிக்கொண்டே விரலால் குத்தினாள். வரிக்குள், இங்கே எழுது என்பதுபோல, ஒரு சின்னக் கோடு எழுந்து நின்று துடித்தது.

அசையாமல் உட்கார்ந்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுத்துகள் பெருத்ததில் அந்தச் சாம்பல் மூடி கீழே இறங்கி, அடுத்த வரியின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. வரி திறந்து கிடந்தது. டீமுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், எழுத்தைப் பெரிசாக்கிப் பாருங்கடா, செய்தவர்கள் எல்லாம் இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள், நல்ல கண்ணு, அவர்கள் ஒருநாளும் இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போடுகிற கடிதத்தை விளையாடிப் பார்க்க ஒரு டெஸ்டரைக் கூப்பிடவில்லை இவர்கள்! சிரிப்பு வந்தது, இந்தத் தடவை அடக்கவில்லை, பெரியவர் இருமுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அழிக்கும் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். பேரில் போயிற்று. விருப்பத்தின் போயிற்று. சொந்த போயிற்று. என் போயிற்று. காலியான இடத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை, பெரிய பெரிய எழுத்தாக ஒவ்வொன்றாகக் குத்தினாள். நீங்கள் போகச் சொன்னதால். படித்துப் பார்த்தாள். நீங்கள் போகச் சொன்னதால் வேலையிலிருந்து விலகுகிறேன். திங்கள்கிழமை கண்டுபிடிப்பார்கள். கூப்பிட்டுக் கத்துவார்கள், பணத்தை நிறுத்தி வைப்பார்கள், வைக்கட்டும், வைத்தால் ஏன் வைத்தோம் என்று எழுத்தில் சொல்லட்டும். பயம் எங்கேயும் போய்விடவில்லை, தன் இடத்தில்தான் இருந்தது. கட்டத்தில் விரலால் இழுத்தாள். ஜெ. சி. ந்தா. அனுப்பினாள்.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது. உங்கள் கடிதம் ஏற்கப்பட்டது என்று பெரிய எழுத்தில் வந்தது, அடியில் கம்பெனி முத்திரை, பிரவீணாவின் பெயர், நாலு ஐம்பத்தாறு, விலகும் காரணம்: நீங்கள் போகச் சொன்னதால். அதைப் படம் பிடித்து வைத்தாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது, அதுவும் வீங்கின எழுத்து, கையை நீட்டிப் படித்தாள். அக்கா விழுந்துட்டான். குடையோட.

"வாங்க மேடம், டாக்டர் கூப்பிடுறாங்க" என்று சிஸ்டர் வந்து நின்றாள். டார்ச்சை அடித்து இமையைத் தூக்கிப் பார்த்தாள். "ம், நல்லா விரிஞ்சிருக்கு. அப்பவே கண்ண மூடுங்கன்னா போன நோண்டிட்டு இருக்கீங்க. இந்தக் கண்ணோட என்ன தெரிஞ்சுதுன்னு அப்பிடிப் பாத்தீங்க?"

"ஒரு பக் சிஸ்டர்" என்றாள் ஜெசிந்தா, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து. "என் பேர்லயே போட்டுட்டேன்."